கண்ணாடியின் உள்பக்கம்

ஹார்ன் அலறியது. ஒரு தடவை அடித்துவிட்டு ஓய்கிற ஹார்ன் இல்லை. யாரோ கையை எடுக்க மறந்துபோன ஹார்ன். பள்ளிக்கூடத்தின் பின்பக்கம், கார்கள் நிற்கும் இடத்திலிருந்து வந்துகொண்டே இருந்தது. வகுப்புகளில் பிள்ளைகள் எழுந்து ஜன்னலில் ஒட்டிக்கொண்டார்கள். நடையில் ஏணி மேல் நின்று டியூப்லைட் மாற்றிக்கொண்டிருந்த வில்யோவுக்கு மட்டும், எட்டிப் பார்க்காமலே அது யார் கார் என்று தெரிந்துவிட்டது.

கோட்டு போட்டுக்கொள்ள நேரமில்லை. பின்கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. மூக்குக்குள் இருக்கும் முடி விறைத்துக்கொள்கிற குளிர். ஓடினார். அறுபதைத் தாண்டிய பள்ளிக்கூடப் பராமரிப்பாளர், வெறும் கம்பளிச் சட்டையோடு, உறைந்த தரையில் வழுக்காமலிருக்க இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்து மூன்றாம் வகுப்பே சிரித்தது.

அவருடைய கார் வரிசையின் கடைசியில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், காட்டைப் பார்த்து நின்றது. இந்தக் குளிர்காலம் முழுவதும் அங்கேதான் நிறுத்துகிறார். கண்ணாடிகள் எல்லாம் வெள்ளையாக இருந்தன. வெளியே படிந்த வெள்ளை இல்லை. உள்ளே படிந்து, பெரணி இலை மாதிரி கிளை விட்டுப் பரவிய வெள்ளை. கதவைத் திறந்தார். அவர் மனைவி ஐலி தன் இருக்கையில் பெல்ட் போட்டபடியே பக்கவாட்டில் சாய்ந்து, ஸ்டியரிங்கின் நடுவில் உள்ளங்கையை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"கையை எடு ஐலி. ஐலி! எடும்மா."

"முன்னாடி நிக்கறவன் நகரவே மாட்டேங்கறான்." வெள்ளையாய்ப் போன முன் கண்ணாடியைக் கோபமாகக் காட்டினாள். "தூங்கறான் போல. நீயும் இறங்கிப் போய்க் கேக்க மாட்டே."

"பனிமூட்டம். அது விலகினதும் அவன் கிளம்பிடுவான்."

"நாம?"

"நாமளும்தான்."

அவள் சமாதானமாகிக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். கீழே விழுந்து கிடந்த கையுறையைத் தேடி மாட்டிவிட்டார். மான்தோலை அவள் முழங்கால் மேல் இழுத்துவிட்டார். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி நடக்கும்போதுதான், உள்ளே போய் என்ன சொல்வது என்ற யோசனையே வந்தது.

காபி அறையில் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஓஸ்மோவும், சமையற்காரி ஹில்க்காவும் ஜன்னலோரமாகவே நின்றார்கள்.

"என்னய்யா, வண்டிக்குப் பேய் பிடிச்சிருச்சா?" என்றான் ஓஸ்மோ.

"ஈரம்," என்றார் வில்யோ. "வயருக்குள்ள தண்ணி இறங்கி ஷார்ட் ஆகுது போல. கண்ணாடி பூரா உள்பக்கம் பனி."

அவ்வளவுதான் சொன்னார். அதைச் சொல்லியிருக்கவே கூடாது என்பது அப்போது தெரியவில்லை. இந்த ஊரில் ஒருவன் தன் மனைவியைப் பற்றியோ மனசைப் பற்றியோ பேச ஆரம்பித்தால், எல்லோரும் காபிக் கோப்பைக்குள் பார்ப்பார்கள். காருக்கு உள்ளே பனி என்று சொன்னால் மட்டும் ஆளுக்கொரு வைத்தியத்தோடு கிளம்பி வருவார்கள்.

"வீட்டுப் பூனை ஒண்ணுக்குப் போற மண்ணு கடையில விக்குதில்ல?" என்றாள் ஹில்க்கா. "அதைப் பழைய காலுறையில கட்டி டாஷ்போர்டு மேல வை. ஈரத்தை எல்லாம் குடிச்சிடும்."

"துவைச்ச காலுறையா வை. இல்லேன்னா நாத்தத்துல நீயே வெளிய ஓடிடுவே."

"உன் காலுறையை யாரும் கேக்கலை ஓஸ்மோ."

ஓஸ்மோ அவளைக் கண்டுகொள்ளாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். வண்டி என்றால் அவனுக்குச் சாப்பாடுகூட வேண்டாம். ஏறுவதற்கு முன் பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்ட வேண்டும். கால்மிதிக்கு அடியில் செய்தித்தாள் போட்டு, அது நனைய நனைய மாற்ற வேண்டும். உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானைத் தொடக்கூடாது. வண்டியை நிறுத்தியதும் எல்லாக் கதவையும் கொஞ்ச நேரம் திறந்து போட்டு, உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிராக்கிவிட்டுத்தான் சாத்த வேண்டும். "சூடும் ஈரமும் உள்ள மாட்டிக்கிட்டா வினைதான். அது வேற எங்க போகும்? கண்ணாடியிலதான் ஏறும்." கொஞ்சம் யோசித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொன்னான்: "ஆனா நான் பாத்தேன் வில்யோ. அவ்ளோ பனி பூட்ஸ் ஈரத்துல வராது. உள்ள ஒரு ஆள் படுத்துக் குறட்டை விட்டாத்தான் வரும். நெசத்தைச் சொல்லு, எவளை ஒளிச்சு வச்சிருக்கே?"

"ஒளிச்சு வைக்கிற மூஞ்சியைப் பாரு!" என்று ஹில்க்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மணிக்கொரு தடவை காருக்கு ஓடறானே, கவனிச்சியா? சிகரெட்டை மறுபடி ஆரம்பிச்சுட்டான். அந்தப் புகைதான் படியுது."

வில்யோவும் சிரித்தார். சிரிக்காமல் இருந்தால் வித்தியாசமாகத் தெரியும்.

"ஐலி எப்படியிருக்கா?" சிரிப்பு அடங்கியதும் ஹில்க்கா கேட்டாள்.

"பரவாயில்லை. வீட்ல தூங்கறா."

எல்லோரும் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

வீட்டில் அவளை விட்டுவிட்டு வரமுடியாமல் போனது முதல் பனி விழுந்த வாரத்தில். நகராட்சித் தாதி காலையில் வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போன பிறகு, ஐலி வெறும் காலுறையோடு இறங்கி ஏரிக்கு நடந்துவிட்டாள். அப்போது ஏரியில் பனி சரியாகப் பிடித்திருக்கவில்லை. வலை போட வந்த ஒருவன் பார்த்துக் கூப்பிட்டு, கையைப் பிடித்துக் கூட்டிவந்தான். அதன் பிறகு அவளை ரொவானியெமி நகரத்தில், நினைவு தப்பியவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தில் ஒரு வாரம் விட்டுப் பார்த்தார்கள். நல்ல இடம்தான். சுத்தமாக இருந்தது, பேசியவர்களும் அன்பாகப் பேசினார்கள். வில்யோ போய்ப் பார்த்தபோது ஐலியின் விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது. கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாளாம். சாப்பிடுவதையும் நிறுத்தியிருந்தாள். "இங்க செத்துப் போகச் சொன்னா சாகறேன், ஆனா நீ வெளிய நிக்காதே, உள்ள வா," என்றாள். அன்றே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். தாதியிடம், ஐலியின் தங்கை வந்து பகலில் பார்த்துக்கொள்கிறாள் என்று சொன்னார். ஐலிக்குத் தங்கையே கிடையாது.

அவள் அடங்கி உட்காருகிற இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. காரில் ஏற்றிப் பெல்ட்டைப் போட்டுவிட்டால் போதும், எங்கோ கிளம்பிவிட்டோம் என்ற நிம்மதி அவளுக்கு வந்துவிடும். எங்கே என்று கேட்கமாட்டாள். கதவைத் திறக்கமாட்டாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, முன்னால் பார்த்துக்கொண்டு, எத்தனை நேரமானாலும் காத்திருப்பாள். வரும் கோடையில் வில்யோவுக்கு ஓய்வு. கோடை வரைக்கும் இப்படியே ஓட்டிவிட்டால் போதும். அதற்கப்புறம் நாள் பூராவும் அவளோடு வீட்டிலேயே இருந்துவிடலாம். யாராவது பார்த்து ஒரு போன் செய்துவிட்டால் ரொவானியெமி. இந்தத் தடவை ஒரு வாரத்தில் திரும்பி வரமுடியாது.

அதனால்தான் அவருக்குக் கண்ணாடியே கவலை. பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு காருக்கும் பக்கத்தில் ஒரு மின்கம்பம் உண்டு. வயரைச் செருகி, கம்பத்திலிருக்கும் நேரக்குமிழைத் திருகினால் இன்ஜினும், உள்ளே வைத்த குட்டி ஹீட்டரும் இரண்டு மணி நேரம் சூடாகும், பிறகு தானாக நின்றுவிடும். சூடு இருக்கும்வரை ஐலியின் மூச்சு நீராகக் கண்ணாடியில் வழியும். வில்யோ ஒரு குழாயையோ தாழ்ப்பாளையோ பார்த்துக்கொண்டு மறுபடி திருகப் போகத் தாமதமானால், வழிந்ததெல்லாம் அப்படியே உறைந்து பனியாகிவிடும். ஜன்னலை விரல் அளவு இறக்கி வைத்தால் பனி குறையும், ஆனால் அவள் உதடு நீலமாகிவிடும். வாரக்கணக்காக இதையே யோசித்து யோசித்து அவருக்கு ஒன்று புரிந்திருந்தது: பனி படிந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரியும், படியாவிட்டால் ஆளே தெரியும்.

இருந்தாலும் ஓஸ்மோவும் ஹில்க்காவும் சொன்னதையெல்லாம் செய்தார். பூனை மண்ணை மூட்டை மூட்டையாக வாங்கினார். கடைக்காரப் பெண் "எத்தனை பூனை?" என்று கேட்டாள். "ஒண்ணுதான். பெரிசு," என்றார். காலுறைகளில் நிரப்பி முன்னாலும் பின்னாலும் அடுக்கினார். ஐலி அதில் ஒன்றை எடுத்து மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். செய்தித்தாளை விரித்தார். அவள் பூட்ஸைத் தானே துடைத்து ஏற்றினார். பிளாஸ்கில் சூடான பழக்கஞ்சி கொடுப்பதை நிறுத்தினார், ஆவி வரும் என்று. கறுப்பு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் மட்டும் வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. பகல் என்ற பெயரில் சாம்பல் வெளிச்சம் வந்து போகும் அந்த மாதத்தில், ஒவ்வொரு தடவை போகும்போதும் கண்ணாடி வெள்ளையாகத்தான் இருந்தது. ஊற்று உள்ளே இருக்கும்போது மண்ணை அடைத்து என்ன பயன்? சுரண்டியை எடுத்து உள்பக்கம் சுரண்டுவார். பனித்தூள் ஐலியின் மடியில் உதிரும். "வெளிய மழையா?" என்பாள் அவள்.

"இன்னும் போகலையா?" என்று ஓஸ்மோ தினமும் விசாரித்தான். "சாவியைக் குடு, நான் பாக்கறேன். ஹீட்டர் குழாய் உள்ள கசியுது, நிச்சயம்."

"நானே பாத்துக்கறேன்."

"நீ பாத்த லட்சணம்தான் தெரியுதே."

"விடுய்யா. பழைய வண்டி."

"பழைய ஆளு," என்று திருத்தினான் ஓஸ்மோ. தோளில் தட்டிவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை. வியாழன் என்றால் பட்டாணி சூப். கட்டடம் முழுக்க அந்த வாசனை. முந்தின இரவு கொட்டிய பனி கூரையில் கனமாக உட்கார்ந்திருந்தது. தலைமையாசிரியர் சாப்பாட்டு மணிக்கு முன் அதைத் தள்ளிவிடச் சொன்னார். வில்யோ ஐலியின் கம்பத்தைத் திருகிவிட்டு, இடுப்பில் கயிறு கட்டி மேலே ஏறினார். கூரையிலிருந்து பார்த்தால் கார்கள் எல்லாம் பொம்மை மாதிரி வரிசையாக நின்றன. கடைசியில் தன்னுடையது. மேலிருந்து பார்க்க அதற்கும் மற்றதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அது அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. தள்ளத் தொடங்கினார். பனி பெரிய பெரிய பாளமாகச் சரிந்து, கீழே பொத்தென்று விழுந்தது.

நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டபோதுதான் ஓஸ்மோ தெரிந்தான். பேருந்துக் கொட்டகையிலிருந்து ஆரஞ்சு நிற வயர் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தான். மறுகையில் பேருந்தின் படிக்கட்டை உருக்க வைத்திருக்கும் அனல்காற்று ஊதி. இருந்த கார்களையெல்லாம் தாண்டிக் குப்பைத் தொட்டிப் பக்கமாக நடந்தான்.

"ஓஸ்மோ!" வில்யோ கத்தினார். "வேணாம்! ஓஸ்மோ, விடு!"

புதுப்பனி விழுந்த நாளில் குரல் எங்கும் போகாது. ஓஸ்மோவுக்கு ஏதோ கேட்டிருக்க வேண்டும். அண்ணாந்து பார்த்தான். கூரைமேல் மண்வெட்டியை ஆட்டும் நண்பனைப் பார்த்து, நன்றியெல்லாம் வேண்டாம் என்கிற மாதிரி சந்தோஷமாகக் கையசைத்தான். சாவி இல்லை என்று அவன் தயங்கவுமில்லை. இந்த ஊரில் யாரும் காரைப் பூட்டுவதில்லை. வில்யோ மட்டும் பூட்டினால் ஏன் என்று கேட்பார்கள் என்பதற்காகவே அவரும் பூட்டுவதில்லை.

கயிற்றின் முடிச்சு உறைந்து கிடந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தார். ஏணியில் இறங்கும்போது கால் நழுவிப் பாதியிலிருந்து பனியில் விழுந்தார். வலிக்கவில்லை. எழுந்து ஓடும்போது, ஓடி என்ன ஆகப்போகிறது என்று மனசுக்குள் யாரோ நிதானமாகக் கேட்டார்கள். கதவு அதற்குள் திறந்திருந்தது.

ஓஸ்மோ பின்னால் இரண்டடி நகர்ந்து நின்றிருந்தான். அனல்காற்று ஊதி கையிலிருந்து விழுந்து, தரைப்பனியில் தானாக ஊதிக்கொண்டு ஒரு குழியைத் தோண்டிக்கொண்டிருந்தது. காருக்குள் ஐலி, தலையில் ரெண்டு கம்பளித் தொப்பி, கழுத்துவரை மான்தோல், மடியில் கைப்பை. புருவத்தில் வெள்ளையாக உறைபனி. அவள் ஓஸ்மோவை அடையாளம் தெரிந்துகொண்டு, தேவாலயத்தில் பார்த்தால் தலையசைப்பாளே அப்படி, மரியாதையாகத் தலையசைத்தாள்.

"இவ இங்கயா இருக்கா?" என்றான் ஓஸ்மோ. "தினமுமா? நாங்க காபி குடிச்சுக்கிட்டு... பூனை மண்ணு சொல்லிக்கிட்டு..."

வில்யோ மூச்சு வாங்கியபடி கதவுக்கும் ஓஸ்மோவுக்கும் நடுவில் வந்து நின்றார். ஏரியைச் சொல்லலாம். உரிந்த விரல்களைச் சொல்லலாம். கோடை வரைக்கும் என்று சொல்லலாம். ஓஸ்மோவின் கண்களைப் பார்த்ததும், இதை இனி எந்த விதமாகச் சொன்னாலும் ஒன்றுதான் என்று தெரிந்தது. சமையலறை வாசலில் ஹில்க்கா ஏப்ரனோடு வந்து நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு நடந்தாள். பிறகு வேகமாக வந்தாள்.

"மனுஷனாய்யா நீ?" ஓஸ்மோ கத்தினான். "கண்ணாடியைப் பாரு. இவ்வளவு பனி! இந்தக் குளிர்ல ஒரு பொம்பளையை உள்ள வச்சு..."

ஐலி பதறிப்போய்ப் பெல்ட்டை இழுத்துக்கொண்டு முன்னால் குனிந்தாள்.

"வில்யோவைத் திட்டாதே ஓஸ்மோ. மூச்சு பட்டா கண்ணாடி கெட்டுப்போகும், அடக்கிக்கோன்னு அவன் சொல்லிட்டுத்தான் போறான். நான்தான் மறந்து மறந்து மூச்சு விட்டுடறேன்."