ஒத்தக்காதுக்கு ரெண்டு ஸ்பீக்கர்

"உனக்கு எதுக்குடி ரெண்டு?" என்று அக்கா கேட்டபோது நான் அட்டைப்பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை.

எனக்கு இடது காது பிறந்ததிலிருந்தே கேட்காது. வீட்டில் என் பெயர் ஒத்தக்காது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன். அதற்காகப் பிடித்துப்போய்விட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அச்சகத்தில் புத்தகம் தைத்துச் சம்பாதித்த காசில், முதல்முறையாக எனக்கென்று எடுத்த வாடகை அறைக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கரும் அதற்கு ஓர் ஆம்ப்ளிஃபையரும் வாங்கினேன். கடையில் போட்டுக் காட்டியபோது டிரம் அடி ஒவ்வொன்றும் நெஞ்சில் வந்து முட்டியது. காது ஒன்றா இரண்டா என்று நெஞ்சு கணக்குப் பார்க்கவில்லை. "இதையே கட்டுங்க" என்றேன்.

அக்கா புருஷன் தையல் கடை வைத்திருக்கிறார். கடையில் பாட்டுப் போட ஒரு ஸ்பீக்கர் வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை. மாட்டித் தருகிறேன் என்று அவராகவே கிளம்பி வந்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. அத்தான் சும்மா வருகிற ஆள் இல்லை.

வயரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று என்னைத் தள்ளி உட்கார வைத்தார். வயரின் இரண்டு இழையும் ஒரே நிறம். ஒன்றில் மட்டும் மெல்லிசாகக் கறுப்புக் கோடு ஓடியது. அத்தான் பல்லால் உரித்தார், முறுக்கினார், சிவப்பு, கறுப்பு என்று இருந்த துளைகளில் கைக்கு வந்தபடி செருகினார்.

"அத்தான், கோடு போட்டது எதுல போகணும்னு பாத்தீங்களா?"

"வயருக்கு என்னம்மா, பொருத்தமா பாக்கணும்? சத்தம் வந்தா சரி."

சத்தம் வந்தது, தொண்டை கட்டிய ஆள் பாடுவது போல. டிரம் போன இடம் தெரியவில்லை.

"கடையில இப்படி இல்லையே!"

"ஒத்தக்காதுக்கு இப்படித்தான்மா கேக்கும்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வேணும்னா பாரு" என்று ஆம்ப்ளிஃபையரின் பின்னால் ஒரு வயரை உருவினார். வலது ஸ்பீக்கர் அடங்கியது. ஆனால் பாட்டு சட்டென்று தடித்தது. டிரம்கூட லேசாக எட்டிப் பார்த்தது.

"பாத்தியா! ஒண்ணே ஜோராக் கேக்குது. இன்னொண்ணு என் கடையில இருக்கட்டும்." வலது ஸ்பீக்கரை வயரோடு தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அக்கா சுவரைப் பார்த்தாள்.

எனக்கு அழுகைதான் வர வேண்டியது. கோபம் முந்திக்கொண்டது. இரண்டு சேர்ந்தால் குறைவதும் ஒன்றை எடுத்தால் கூடுவதும் எந்த ஊர் நியாயம்? ஒன்று காற்றை முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுத்தால்தான் அப்படி ஆகும். எழுந்து போய் இடது ஸ்பீக்கரின் முதுகைப் பார்த்தேன். கோடு போட்ட இழை சிவப்பில் இருந்தது. அத்தானின் கக்கத்தில் இருந்ததை எட்டிப் பார்த்தேன். அதில் கறுப்பில்.

"அதக் கீழ வைங்க."

"என்னம்மா?"

"கீழ வைங்கன்னேன். இழை மாறிப்போச்சு. ரெண்டு காதும் கேக்கற உங்களுக்கு இது கேக்கலையா?"

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "வைங்களேன், அவதான் சொல்றாளே" என்றாள்.

ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு வலது ஸ்பீக்கரின் இழைகளை நானே மாற்றி, அத்தான் உருவிய முனையை மற்றதைப் போலவே திரும்பச் செருகினேன். ஷாக்கும் அடிக்கவில்லை, ஒன்றும் அடிக்கவில்லை. மறுபடி போட்டதும் மேசையிலிருந்த தண்ணீர் டம்ளர் நடுங்கியது. நெஞ்சில் முதல் அடி விழுந்தபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அத்தான் அசரவில்லை. "நல்லாத்தான் இருக்கு. ஆனாலும் யோசிச்சுப் பாரு, உனக்கு ஒரு பக்கத்துப் பாட்டு வீணாத்தானே போகுது?"

"வீணாப் போனாலும் என் வீட்ல போகட்டும் அத்தான்."

அவர் மறுபடியும் என்னவோ ஆரம்பித்தார். நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கேட்காத காதை அவர் பக்கமாக வைத்து உட்கார்ந்து, வால்யூமைக் கூட்டினேன். பேசியிருப்பார். எனக்குக் கேட்கவில்லை.