முனகலுக்குச் செத்தவர்கள்

புதுக்குடியிருப்பு மைதானத்தில் மல்லாந்து படுத்தபடி, ஒரு பஸ் கொள்ளாத ஆட்களைக் கொன்றவன் நான். கையில் ஆயுதம் இல்லை. "தண்ணி" என்று முனகினேன், அவ்வளவுதான்.

ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வுபெற்றவன் என்பதால், பொறிவெடிகளிலிருந்து தப்ப ஆம்புலன்ஸ் ஆட்களுக்குத் தரும் பயிற்சியில் எனக்குக் காயக்காரன் வேடம் தந்திருந்தார்கள். என்னைச் சுற்றி ஒளித்து வைத்திருக்கும் நூலில் கால் பட்டால் விசில் கத்தும், பட்டவர் செத்தவர். சுற்றிக் கட்டிய நாடாவுக்கு வெளியே நின்று, வெடி அகற்றுகிறவர்கள் வழியைச் சோதித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். இதுதான் பாடம். ஆனால் எங்கள் ஆட்கள் விழுந்தவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடியே பழகியவர்கள். முனகல் காதுக்கு முன்னே காலுக்குக் கேட்டுவிடுகிறது. தண்ணீர்ப் போத்தலும் கையுமாக ஓடிவந்து வரிசையாகச் செத்தார்கள்.

இதை வீட்டில் சொன்னபோது என் மனைவி ஞானேஸ்வரி நம்பவில்லை. "உங்கட முனகலுக்கு வீட்டுப் பூனையும் எழும்பாது," என்றாள். கடைசி நாள், கஞ்சிப் போத்தலோடு பார்க்க வந்து மரநிழலில் நின்றாள்.

அன்று தாட்சாயினியின் முறை. ஏற்கெனவே இரண்டு தரம் செத்த பிள்ளை. இன்றும் செத்தால் ஆம்புலன்ஸ் வேலையில் அவளுக்கு இடமில்லை.

நான் இரக்கம் காட்டவில்லை. இரணைமடுக் குளமே நிரம்பி வான்பாயும்படி, "தண்ணி, பிள்ளை" என்று முனகினேன்.

ஓடிவந்தவள் நாடாவடியில் நின்றுவிட்டாள். "கேக்குது ஐயா. அசையாதேங்கோ. வழி பாத்திட்டு வாறம்."

"தொண்டை காயுது மோளே."

"ஓம் ஐயா. கதைச்சுக்கொண்டே இருங்கோ. நான் இஞ்சதான் நிக்கிறன்."

என் வித்தை அவளிடம் பலிக்கவில்லை. கடைசியாக ஒரு முனகல் முனகினேன். மரநிழலிலிருந்து ஒருத்தி நாடாவுக்குக் கீழால் குனிந்து கஞ்சிப் போத்தலோடு ஓடிவந்தாள். விசில் கத்தியது.

தாட்சாயினியின் ஒரு கால் எழும்பியது. அப்படியே பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "அம்மா, நிண்ட இடத்திலயே படுங்கோ. வேற ஒருத்தரும் உள்ள வராதேங்கோ."

சோதிக்கிறவர்கள் வழி திறந்த பிறகுதான் வந்து என் நாடியைப் பிடித்தாள். பயிற்சியாளர் பெருவிரலை உயர்த்திக் காட்டினார்.

பிறகு ஞானேஸ்வரி பக்கம் திரும்பினாள். "அம்மா, நீங்கள் செத்திட்டியள்."

"தெரியும் பிள்ளை," என்றாள் ஞானேஸ்வரி, புழுதியில் கண்ணை மூடியபடி. "இந்த மனுசன் சொன்னது மெய்தான்."