மூடிய மதகுக்குள் ஏறிய உப்பு

அந்த வருஷம் தெத் புத்தாண்டுக்குப் பத்து நாள் முன்னாலேயே, என் காவலில் இருந்த வாய்க்கால் மதகை இறக்கிப் பூட்டினேன். வழக்கமாக அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான் பூட்டுவேன். மழை சீக்கிரமே நின்றுவிட்டது. மேலிருந்து மீகோங் ஆற்றில் வரவேண்டிய தண்ணீரும் வரவில்லை. ஆறு சோர்ந்ததும் கடல் உள்ளே ஏறி வந்துவிட்டது. உப்புமானியை ஆற்றில் விட்டுப் பார்த்தேன், லிட்டருக்கு நாலு கிராம். ஒன்றைத் தாண்டினாலே டுரியான் மரம் இலை உதிர்க்கும். நாலை மனுஷர் வாயில் வைக்க முடியாது.

பூட்டிய அன்று மதியமே என் அண்ணன் தியெப் வந்து நின்றான். மூன்று வருஷத்துக்கு முன்பு உப்பேறி நெல் கருகியபோது, வயலை வெட்டி இறால் குட்டை ஆக்கியவன். குட்டை மதகுக்கு உள்பக்கம்தான் இருந்தது.

"தொறடி லூவா."

"முடியாதுண்ணே. வெளியில நாலு."

"எனக்கு அந்த நாலுதான்டி வேணும். குட்டைத் தண்ணி கொதிக்குது. இறால் எல்லாம் மேல வந்து மூச்சுக்குத் தவிக்குது. ரெண்டே மணி நேரம் தொற."

"ரெண்டு மணி நேரத்துல அறுபது வீட்டுக் குடிதண்ணி போயிரும்."

"அறுபது வீடு! என் நெல்லு கருகினப்ப அதுல ஒருத்தன் எட்டிப் பாத்தானா? உன்னைத் தூக்கி வளத்தவன் நான். நீ ராங்கோட டுரியானுக்குக் காவல் நிக்கிறே."

"தொறக்க மாட்டேன்."

மதகுச் சக்கரத்தின் மேல் காறித் துப்பிவிட்டுப் போனான்.

விஷயம் பரவியது. மறுநாள் ராங் பத்துப் பேரோடு வந்து மதகடியில் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்துவிட்டான். எங்கள் வாய்க்காலில் பெரிய தோட்டம் அவனுடையது. இருநூறு டுரியான் மரம். அவன் சொன்னால் கூட்டம் கூடும்.

"உன்னை நம்பலன்னு இல்ல லூவா," என்றான். "உங்க ரத்தத்தைத்தான் நம்பல."

அவர்கள் சீட்டாடினார்கள், சாராயம் குடித்தார்கள், நான் சக்கரத்தின் பக்கம் போனாலே எழுந்து நின்றார்கள். தினமும் காலையில் உள்பக்கத் தண்ணீரை அளந்து பலகையில் எழுதுவேன். பத்து நாள் அரைக்குள்தான் இருந்தது. பதினோராவது நாள் முக்கால். அதற்கடுத்த நாள் ஒன்று புள்ளி ஆறு.

மதகின் ரப்பர் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு கசிவும் இல்லை. உள்ளதை உள்ளபடி பலகையில் எழுதினேன். அரை மணி நேரத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"நாங்க கண்ணசந்த நேரமா பாத்து அண்ணனுக்குத் தொறந்து விட்டிருக்கா!" என்று ராங் கத்தினான்.

"சாவி என் இடுப்புல, நீங்க பத்துப் பேரு மதகு மேல. எப்படித் தொறப்பேன்?"

"திருடிக்கு வழியா தெரியாது?"

வாய்க்கால் முனை வீட்டுக்காரி சுயென் ஒரு சட்டித் தண்ணீரை என் முகத்தில் ஊற்றினாள். "குடிச்சுப் பாருடி! என் மாமியாருக்கு மாத்திரை குடுக்க ஒரு வாய் நல்ல தண்ணி இல்ல."

யாரோ பலகையை அழித்து 'இறால்காரி' என்று எழுதினார்கள்.

அன்று முழுக்க யோசித்தேன். மதகு கசிந்தால் மதகடியில்தான் உப்பு அதிகம் இருக்கவேண்டும், உள்ளே போகப்போகக் குறைய வேண்டும். மறுநாள் காலை சாப்பிட்டதும் படகை எடுத்தேன். மதகடியில் ஒன்று புள்ளி ஆறு. சந்தைத் திருப்பத்தில் இரண்டு. புத்தர் கோயில் படித்துறையில் மூன்று. வாய்க்கால் முடியும் இடத்தில், ராங் தோட்டத்துப் பின்புறம் விட்டுப் பார்த்தேன். ஐந்து!

அங்கே ஒரு கரைதான் எங்கள் வாய்க்காலையும் பின்னால் ஓடும் இன்னொரு ஆற்றையும் பிரிக்கிறது. தென்னங்கீற்றை விலக்கினேன். கரைக்குள் ஆள் நுழையுமளவு ஒரு குழாய். பின்னாற்றில் கடல் ஓதம் வடிந்து நல்ல தண்ணீர் வரும்போது இழுத்துத் தன் தோட்டத்துக் குட்டையை நிரப்பிக்கொள்ள ராங் புதைத்தது. ஓதம் ஏறும்போது அடைக்கவேண்டிய பலகை உடைந்து தொங்கியது. கடல் அதன் வழியாகத் தாராளமாக வந்துகொண்டிருந்தது.

ராங் மண்வெட்டியோடு வந்தான். "யாரு உன்னை இங்க வரச் சொன்னது?"

"உங்க குழாயில அஞ்சு. என்னைத் திருடின்னீங்களே!"

"பலகை ஒடஞ்சுபோச்சு. மாத்துவேன்."

"ஒடஞ்சது எப்பன்னு தெரியுமில்ல? இப்பவே அடைங்க."

"அடைச்சா எனக்குத் தண்ணி ஏது? ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமாவது நல்லது வருது. என் மரம் இருநூறும் சாகவா?"

கரையில் மண் நிரப்பிய சாக்குகள் கிடந்தன. ஒன்றைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். அப்போது கரை மேல் என் அண்ணன் வந்தான். இரண்டு நாளாகத் தன் குட்டைப் பக்கம் உப்பு எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறான். எனக்கு ஒரு பலம் வந்தது.

"அண்ணே, பாத்தியா? எல்லாம் இவரு வேலை. வா, அடைக்கலாம்."

அவன் குழாயைப் பார்த்தான். சிரித்தான்.

"அடைக்காத லூவா. என் இறால் ரெண்டு நாளாத்தான் தீனி எடுக்குது."

மூன்று வருஷமாக ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத இரண்டு பேரும் ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ராங், "தியெப், இவளப் பிடி," என்றான். என் அண்ணன் பிடித்தான். சாக்கை நான் விடவில்லை. என் மணிக்கட்டைத் திருகினான். உள்ளே ஏதோ முறிந்தது. சேற்றில் விழுந்தேன். இருவரில் ஒருவரும் கை கொடுக்கவில்லை.

போவதற்கு முன் குழாய் வாயில் ஒரு கேன் தண்ணீர் பிடித்தேன். ஒற்றைக் கையால் துடுப்புப் போட்டு நேரே சுயென் வீட்டுக்குப் போனேன்.

"குடி."

நாக்கில் வைத்ததும் துப்பினாள். "எங்க எடுத்தே?"

"ராங் தோட்டத்துப் பின்னால."

"பொய் சொல்றே."

"வந்து பாரு. பொய்யா இருந்தா மதகுச் சாவிய நீயே வச்சுக்க."

அவள் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டாள். ஆறு படகில் முப்பது பேர் போனோம். ராங் ஏதோ சொல்ல வாயெடுத்தான், சுயென் அவன் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தாள். என் அண்ணன் நைசாக நழுவினான். நூறு சாக்கு போட்டுக் குழாயை அடைத்தார்கள்.

அதோடு நின்றிருந்தால் போதும். தோட்டத்து நடுவில் ராங் பிளாஸ்டிக் விரித்துச் சேர்த்த குட்டை ததும்பிக்கொண்டிருந்தது. உப்பு ஏறுவதற்கு முன் பிடித்த நல்ல தண்ணீர். ஒருவன் கத்தியோடு அதற்குள் குதித்தான்.

"கிழிக்காதடா! அது நாம குடிக்கிற தண்ணி!" என்று கத்தினேன்.

"அவன் தண்ணி!" என்றான் அவன்.

பின்னால் நாலு பேர் குதித்தார்கள். அறுபது வீட்டுக்கு ஒரு மாதத்துக்குப் போதுமான தண்ணீர். குடம் எடுக்க ஓடியவர்கள் திரும்பி வருவதற்குள் மண் குடித்துவிட்டது. அடியில் கலங்கல் மிச்சமிருந்தது. ராங் அதன் விளிம்பில் உட்கார்ந்து அழுதான். அவனைப் பார்த்து எனக்கு இரக்கம் வரவில்லை. தண்ணீரைப் பார்த்துத்தான் அழுகை வந்தது.

பிறகு மூன்று மாதம் படகில் வந்த தண்ணீருக்கு வரிசையில் நின்று அடித்துக்கொண்டோம். ராங்கின் மரங்கள் மொட்டையாகிக் காய்ந்தன. அண்ணனின் இறால் சிவந்து மிதந்தது. நாலாம் மாதம் மழை விழுந்தபோது அதைக் கொண்டாட யாரும் வெளியே வரவில்லை, தண்ணீர்ச் சால்களை மட்டும் திறந்து வைத்தார்கள். என்னிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. சுயென்கூட. மதகை வேறு ஆளிடம் கொடுக்க வேண்டும் என்று ராங் ஊர்க்கூட்டத்தில் எழுந்து பேசினான். மூன்று கை வித்தியாசத்தில் தோற்றான்.

அண்ணன் குட்டையை அப்படியே போட்டுவிட்டுச் சைகோன் பக்கம் செருப்புத் தொழிற்சாலைக்குப் போனான். புறப்படும் அன்று அண்ணி மியென் மட்டும் மதகடிக்கு வந்தாள்.

"கை சரியாயிருச்சா?"

"வளைஞ்சுதான் கூடியிருக்கு அண்ணி. துடுப்புப் போடலாம்."

"அவரு கேக்கச் சொல்லல," என்றாள். "நானாத்தான் கேட்டேன்."

பேருந்து ஒலி எழுப்பியது. அவள் மூட்டையை எடுத்துக்கொண்டு போனாள். நான் உப்புமானியை எடுத்துக்கொண்டு படகில் ஏறினேன். ராங் தோட்டத்துப் பின்கரையில் அன்றைய உப்பை இன்னும் அளக்கவில்லை.