பொன்னாடைக்கு ஒரு தோள்

உலு திராம் சமூக மண்டபத்தின் மேடையில் ஐந்து நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. நான்கில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடு நாற்காலியில் ‘பல்கலைக்கழகம்’ என்று எழுதிய காகிதம் ஒட்டியிருந்தது. மேடைக்குக் கீழே நாற்காலி வரிசையைச் சரிசெய்வதுபோல் நடித்துக்கொண்டிருந்த கில்பர்ட், அந்தக் காலி நாற்காலி கடைசிவரை காலியாகவே இருக்க வேண்டும் என்று அந்தோணியாரிடம் வேண்டிக்கொண்டான். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருபவர் அவர். இன்று ஒருநாள் மட்டும் தயவுசெய்து எதையும் கண்டுபிடிக்க வேண்டாம் என்பது அவன் விண்ணப்பம்.

எல்லாம் அப்பா செபஸ்தியனின் யோசனை. செனாயில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்றவர், பெற்றோர் கல்வி மன்றத்துக்குத் தலைவரானதும் முதல் கூட்டத்திலேயே கேட்டார்: “பிள்ளைங்கள பாராட்றோம், வாத்தியாருங்கள பாராட்றோம். படிக்க வெச்ச யூனிவர்சிட்டிய எவனாச்சும் பாராட்டியிருக்கானா?” யாரும் இல்லை. அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்று இத்தனை வருடமாக எஸ்டேட் பிள்ளைகளையெல்லாம் இன்ஜினியர்களாக ஆக்கி சிங்கப்பூருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஒரு மாலை போட ஆளில்லை. “வேற யாரயும் சொல்ல வேணாம். என் மகனையே எடுத்துக்குங்க” என்று முடித்தார். அவர் மகனை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். தீர்மானம் நிறைவேறியது.

அந்த மகனுக்கு ஒரு பாடம் பாக்கி. புள்ளியியல். தான் தேர்ச்சி பெறுவதற்கான நிகழ்தகவு எவ்வளவு என்று கணக்குப் போடத் தெரிந்திருந்தால் அவன் எப்போதோ தேர்ச்சி பெற்றிருப்பான். எம்சிஓ ஊரடங்கில் பட்டமளிப்பு விழா தள்ளிப்போனபோது, விழாவே கிடையாது என்று வீட்டில் சொல்லிவிட்டான். ஸ்டூடியோவில் அங்கியும் தொப்பியும் வாடகைக்கு எடுத்துப் படம் பிடித்துக் கொடுத்தான். படம் மாதா படத்துக்குப் பக்கத்தில், அதே உயரத்தில் தொங்குகிறது. இன்னும் ஏன் தினமும் பல்கலைக்கழகத்துக்குப் போகிறாய் என்று அம்மா கேட்டதற்கு, லேப்பில் வேலை கிடைத்திருக்கிறது என்றான். உண்மை தெரிந்த ஒரே ஆள் மெலிசா. அவன் பெரியப்பா மகள். அவனோடு பல்கலைக்கழகத்தில் நுழைந்து, நுழைந்தவர்கள் செய்யவேண்டிய முறைப்படி வெளியேயும் வந்தவள். இன்றைய அறிவிப்பாளரும் அவள்தான்.

பல்கலைக்கழகத்தின் சார்பில் வருவது டாக்டர் ஷாமளா என்று நேற்றிரவு தெரிந்தபோது கில்பர்ட்டுக்குச் சோறு இறங்கவில்லை. புள்ளியியல் எடுப்பவரே அவர்தான். திங்கட்கிழமை காலை முதல் வகுப்பு.

“அடுத்து, பொன்னாடை போர்த்தி…” என்று மெலிசா ஆரம்பித்ததும் பொருளாளர் தங்கராஜு பொன்னாடையைப் பிரித்துவிட்டார். பிரித்த பிறகுதான் போர்த்த ஆள் இல்லை என்பதைக் கவனித்தார். பிரித்த பொன்னாடையைத் திரும்ப மடிக்கக் கூடாது, மன்றத்துக்கு ஆகாது என்பது தங்கராஜுவின் கொள்கை. அது சாஸ்திரமா, அவர் சொந்தக் கண்டுபிடிப்பா என்று கேட்கும் துணிச்சல் யாருக்கும் இருந்ததில்லை. ஒரு முனையை அவரும் மறுமுனையை செபஸ்தியனும் பிடித்துக்கொண்டு, துணி காயப்போடுபவர்களைப் போல நின்றார்கள்.

அப்போது மெலிசாவின் போன் அடித்தது. டாக்டர் ஷாமளா. மைக்கை அணைக்காமலே ஸ்பீக்கரில் போட்டாள்.

“சாரி லா மெலிசா, பாசிர் கூடாங் ஹைவேயில லோரி கவுந்துடுச்சி. ஒரு வண்டியும் நவுரல. நீங்க நடத்திடுங்க.”

அந்தோணியார் கேட்டுவிட்டார். கில்பர்ட்டுக்குக் கண்ணே கலங்கியது.

“பொன்னாடைய யாருக்கு டாக்டர் போத்துறது? இங்க படிச்சு முடிச்சவங்க நெறைய பேரு இருக்காங்க.”

“முடிச்சவங்க வேணாம்மா. இப்ப நம்மகிட்ட படிக்கிற ஸ்டூடன் யாராச்சும் வாங்கட்டும். மெட்ரிக் கார்ட கழுத்துல மாட்டி ஒரு படம் எடுத்து அனுப்பு. ஆபீஸ்ல காட்டணும்.”

மண்டபம் திரும்பித் திரும்பித் தன்னையே பார்த்துக்கொண்டது. தற்போது படிக்கும் பிள்ளைகளெல்லாம் தனியார் கல்லூரிக்காரர்கள். முன்வரிசையில் பேச்சியம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். “யாராச்சும் போய் வாங்கித் தொலைங்கப்பா. பிரியாணி ஆறுது.”

மெலிசா கில்பர்ட்டைப் பார்த்தாள். கில்பர்ட் மின்விசிறியைப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான், அதுதான் தப்பு. செபஸ்தியனுக்கு வலது தோளில் பழைய வலி. கையை இவ்வளவு நேரம் தூக்கி வைக்கக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். பொன்னாடையின் அந்தப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டிருந்தது. ஆனாலும் அவர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடியே இருந்தார்.

கில்பர்ட் மேடையேறினான்.

“நீ எதுக்குடா வர்ற?” செபஸ்தியன் உதடு அசையாமல் கேட்டார்.

அவன் சட்டைப்பையிலிருந்து மாணவர் அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டினான். “இது இன்னும் செல்லும்பா.”

 பேச்சியம்மாள் எழுந்தேவிட்டார். “அலமாக்! தம்பி மறுபடியும் படிக்குதா? மாஸ்டரா, பிஎச்டியா? வெளிய சொல்லிக்காம படிக்குது பாரு!” கைதட்டல் கூரையைத் தொட்டது. பின்வரிசையில் யாரோ விசிலும் அடித்தார்கள்.

அட்டையைப் படிக்கும் தூரத்தில் நின்றவர் ஒருவர்தான். செபஸ்தியன் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் படித்தார். இளங்கலை. சேர்ந்த வருடம். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

“எத்தன பேப்பரு?”

“ஒன்னுப்பா.”

“யாரு வாத்தியாரு?”

“ஜாம்ல இருக்காங்களே, அவங்கதான்.”

செபஸ்தியன் பொன்னாடையைப் போர்த்தினார். முனைகளை இழுத்து ஒரு முடிச்சுப் போட்டார். பொன்னாடைக்கு யாரும் முடிச்சுப் போடுவதில்லை. மெலிசா கேடயத்தில் பொறித்திருந்ததை வாசித்தாள்: “உயர்கல்வித் துறையில் நீண்டகாலமாக, மனந்தளராமல் ஆற்றிவரும் பங்களிப்பைப் பாராட்டி…” படம் பிடிப்பவர் இரண்டு பேரையும் சிரிக்கச் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை காலையில் கில்பர்ட் எழுந்து வந்தபோது, செபஸ்தியன் கோட்டு போட்டுத் தயாராக இருந்தார்.  மாதா பக்கத்தில் தொங்கிய அந்தப் படத்தை அவர் கழற்றவில்லை.

“யூனிவர்சிட்டில கேடயத்த ஒப்படைக்கணும்ல. நானே கொண்டு விடுறேன்” என்றார். “டாக்டர் ஷாமளாவையும் அப்டியே பாத்துட்டு வந்துடறேன்.”

கில்பர்ட் காரின் முன்கதவைத் திறந்தான். முன்சீட்டில் கேடயம் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. அவன் பின்னால் போய் உட்கார்ந்தான். ஹைவேயில் ஏறியதும் டீங், டீங் என்று கார் கத்த ஆரம்பித்தது. கேடயம் அவ்வளவு கனம். யாரோ ஆள் பெல்ட் போடாமல் இருக்கிறார் என்று கார் நினைத்துக்கொண்டது. முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. செபஸ்தியன் வலியோடு கையை நீட்டி, கேடயத்தின் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினார். சத்தம் நின்றது. கண்ணாடியில் ஒருமுறை பின்சீட்டைப் பார்த்தார்.

கில்பர்ட்டும் தன் பெல்ட்டை எடுத்து மாட்டிக்கொண்டான்.