இல்லை என்று சொன்ன இருவர்

பெட்ரோல் நிலையக் கொள்ளை வழக்கில் நான் குற்றவாளி என்று தீர்ப்பு வாசித்த பிறகு, நீதிபதி ஜூரியில் இருந்த பன்னிரண்டு பேரையும் ஒவ்வொருவராகக் கேட்டார். "இது உங்கள் தீர்ப்புதானா?" ஆம், ஆம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். பின்வரிசையில் இருந்த ஒரு கறுப்பின அம்மாள் "இல்லை" என்றார். நீதிபதி நிமிரவே இல்லை. காதில் விழவில்லையோ என்னவோ என்று அந்த அம்மாள் எழுந்து நின்று, இன்னும் உரக்க, "இல்லைங்க" என்றார்.

"கேட்டது. உட்காருங்கள்."

அடுத்திருந்த வயதான மனிதரும் இல்லை என்றார். அவரும் கறுப்பர். மற்ற பத்துப் பேரும் வெள்ளையர்கள். லூசியானாவில் அப்போது பத்துப் பேர் சேர்ந்தால் போதும், ஒருவனை உள்ளே தள்ளிவிடலாம். எனக்குக் கிடைத்த ஆண்டுகளை என் பேரனும் சேர்ந்து அனுபவித்தால்தான் தீரும். அப்போது எனக்குக் கல்யாணம்கூட ஆகியிருக்கவில்லை.

பண்ணைச் சிறைக்குப் போனேன். அங்கே பெரும்பாலும் என்னைப் போன்ற கறுப்பர்கள். நாங்கள் வெண்டைக்காய் பறிப்போம், குதிரைமேல் துப்பாக்கியோடு காவலர் நிற்பார். புதிதாக வருகிறவனைப் பழைய ஆட்கள் முதலில் கேட்பது பெயரை அல்ல.

"உனக்கு எவ்வளவுடா, டெல்மார்?"

"பத்துக்கு ரெண்டு."

"எனக்குப் பதினொண்ணுக்கு ஒண்ணு. நீ ஜெயிச்சுட்டே."

ஜூரி பிரிந்த கணக்கைக் கால்பந்து ஆட்டத்தின் முடிவைச் சொல்வதுபோல் சொல்லிச் சிரிப்போம். கொஞ்ச காலம் கழித்துத்தான் அடுத்த கேள்வி தோன்றியது: அந்த ஒருவர் யார், இருவர் யார்? கேட்கக் கேட்க ஒரே நிறமாக வந்தது. நூலகத்தில் சட்டம் படித்த கைதிகள் அதற்கு விளக்கம் வைத்திருந்தார்கள். என் கொள்ளுத்தாத்தா காலத்தில், கறுப்பர்களை ஜூரியிலிருந்து முழுக்க விலக்க முடியாது என்றான பிறகு, உட்கார வைத்துவிட்டு அவர்கள் பேச்சைச் செல்லாததாக்க ஒரு வழி தேடியிருக்கிறார்கள். அதற்கு வந்த சட்டம் இது. நான் பிறப்பதற்கு வெகுநாள் முன்பே என் வழக்கில் அந்த அம்மாளின் "இல்லை"க்கு மதிப்பில்லை என்று யாரோ முடிவு செய்திருந்தார்கள். அதைத் தெரிந்துகொண்ட அன்று கோபம் வந்தது. ஆனால் அதுவரை எல்லாம் என் தலையெழுத்து என்றே நினைத்திருந்தவனுக்கு, மனிதர்கள் மேசை போட்டு உட்கார்ந்து செய்த வேலை இது என்று தெரிந்ததில் ஒரு தெம்பும் வந்தது. மனிதர்கள் செய்ததை மனிதர்களே கலைக்கலாம்.

கலைத்தார்கள். சட்டம் மாறியது. பழைய தண்டனைகளுக்கு அது பொருந்தாது என்றும் சொல்லிவிட்டார்கள். எங்கள் பகுதிக்குப் புதிதாக வந்த அரசு வழக்கறிஞர் மட்டும் சில வழக்குகளை மறுபடி பார்க்கச் சம்மதித்தார். அதில் என்னுடையதும் ஒன்று. விட்டுவிட்டார்கள். என் கூட்டாளிகள் பலர் இன்னும் அதே வரப்பில்தான் குனிந்து நிற்கிறார்கள்.

வெளியே வந்ததும் என் வக்கீலிடம் ஒன்று கேட்டேன். அந்த அம்மாளை நான் பார்க்க வேண்டும். அவர் விசாரித்து, அந்த அம்மாளின் சம்மதத்தையும் வாங்கித் தந்தார். பெயர் எர்லீன் பிகூ. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அக்டோபர் கடைசியில், என் அக்கா வெர்னெல் தன் வீட்டுக் கமலாப் பழங்களை ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போனாள்.

அவர் வீட்டுக் கதவு முன்னால் போய் நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். சிறையில் யாராவது வந்து திறக்கட்டும் என்று காத்திருந்த பழக்கம் இன்னும் போகவில்லை.

"கதவு சும்மாதான்பா சாத்தியிருக்கு. தள்ளிட்டு வா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அதே குரல்.

அடுப்பில் நண்டும் இறாலும் போட்ட கம்போ குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியோடு திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப ஒல்லியா இருந்தே."

"நன்றி சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன், மிஸ் எர்லீன்."

"எதுக்கு? தோத்ததுக்கா? நான் சொன்னதால உனக்கு ஒரு நாளாவது குறைஞ்சுதா?"

வெர்னெல் பழப் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். மிஸ் எர்லீன் குழம்பைக் கிளறிக்கொண்டே பேசினார்.

"ஜூரி ரூமுக்குச் சாப்பாடு வர்றதுக்கு முன்னாடியே பத்துப் பேர் சேர்ந்துட்டாங்க. நானும் செலெஸ்டின் பெரியவரும் வாயைத் திறந்தா, ஒருத்தர் எந்திரிச்சுக் கோட்டை மாட்டுறார். 'எண்ணிக்கை வந்துருச்சும்மா, உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்'னு சிரிச்ச முகமாச் சொல்றார். திட்டியிருந்தா நானும் திருப்பித் திட்டியிருப்பேன். மரியாதையாச் சொன்னாரு பாரு, அதுதான் இன்னும் ஆறல. மறுநாள் பஸ்ஸை எடுத்தா, உள்ள பூரா சின்னச் சின்னப் பசங்க. உங்கம்மா கோர்ட்டுல அழுத சத்தம்தான் காதுல நிக்குது."

என்ன சொல்ல வேண்டும் என்று வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"வயல்ல நிக்கிறப்போ எனக்கே சந்தேகம் வந்துரும் மிஸ் எர்லீன், ஒருவேளை நான்தான் பண்ணினேனோன்னு. எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க. அப்ப உங்களை நினைச்சுக்குவேன். எங்கம்மா நம்புறது வேற. என்னைத் தெரியாத ஒருத்தர் எல்லாத்தையும் உட்கார்ந்து கேட்டுட்டு இல்லன்னு சொன்னாங்களே. ரெண்டு தடவை சொன்னாங்களே. அதனாலதான் எனக்குப் பைத்தியம் பிடிக்கல. நாளெல்லாம் குறையலதான். ஆனா அத்தனை நாளையும் நீங்க என்கூடத்தான் இருந்தீங்க."

அவர் அடுப்பை அணைத்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கட்டா? நீ செஞ்சியா?"

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க?" என்று வெர்னெல் சீறினாள்.

"இல்லைங்க," என்றேன் நான்.

தலையை ஆட்டினார். "சரி. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ தம்பி. நீ நல்லவன்னு நான் அன்னிக்குச் சொல்லல. எனக்கு என்ன தெரியும்? கொட்டுற மழையில, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னவன், தொப்பி போட்ட ஆளோட முகத்தைப் பாத்தேன்னான். எனக்கு அது பத்தல. அவ்வளவுதான்."

அந்தப் பேச்சு என்னைப் புண்படுத்தியிருக்க வேண்டும். மாறாக மனசு நிறைந்தது. அவர் என்மேல் இரக்கப்பட்டார் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். அவர் செய்தது, முன்னால் வைத்த சாட்சியத்தை ஒழுங்காக எடைபோட்டுப் பார்த்தது. அந்த ஊரில் எந்த வெள்ளைக்காரப் பையனுக்கும் கேட்காமலே கிடைக்கக்கூடியது. எனக்கு அதைக் கொடுக்க இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர்கூட இல்லாதவர்களோடும் நான் பக்கத்து வரிசையில் காய் பறித்திருக்கிறேன்.

மூன்று பேரும் சாப்பிட்டோம். மிஸ் எர்லீன் என் தட்டில் நண்டாகப் பொறுக்கிப் போட்டார். வெர்னெலும் அவரும் அதற்குள் சிநேகமாகிப் பழத் தோலை உரித்துக்கொண்டு ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் செலெஸ்டின் பெரியவரைப் பற்றி விசாரித்தேன்.

"க்ளோவிஸ் செலெஸ்டின். போய்ச் சேர்ந்துட்டாரு. அவர் மக இன்னிக்குக் கல்லறைக்கு வெள்ளையடிக்க வந்திருப்பா. வர்றியா?"

இறந்தவர்களின் கல்லறைகளுக்கு வெள்ளையடித்துப் பூ வைக்கும் சகல புனிதர் திருநாளுக்கு முந்தைய வாரம் என்பதால் கல்லறைத் தோட்டம் முழுவதும் வாளியும் தூரிகையுமாக ஆட்கள். ரோசெல் என்ற பெண் தலையில் துணி கட்டிக்கொண்டு ஒரு கல்லறையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இது யாரு, எர்லீன் அத்தை?"

"உங்கப்பா ஜூரில இல்லன்னு சொன்னாரே, அந்தப் பையன்."

ரோசெல் தூரிகையை வாளியில் போட்டார். "அப்பா அதைப் பத்திப் பேசினதே இல்ல. கோர்ட்டுல குடுத்த காபி கழுநீர் மாதிரி இருந்துச்சுன்னு மட்டும் திட்டுவாரு." பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னார். "அந்த மாசம் அவர் வீட்டுல யார்கூடவும் சரியாப் பேசல. ஏதோ கோவம்னு அம்மா நினைச்சுக்கிட்டாங்க."

இன்னொரு தூரிகையை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் மண்டிபோட்டு அடிக்கத் தொடங்கினேன். வெயில் இதமாக இருந்தது. பின்னால் துப்பாக்கி பிடித்து நிற்க ஆள் இல்லை. நான் இஷ்டப்பட்டுச் செய்கிற வேலை. சுற்றி ஆட்கள் இருந்ததையும் பார்க்காமல் வாய்விட்டே சொன்னேன்: "மிஸ்டர் செலெஸ்டின், ரொம்ப நன்றிங்க."

யாரும் சிரிக்கவில்லை. ரோசெல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"அந்த மூலையில இன்னொரு கை அடிங்க," என்றார். "திட்டுத்திட்டா தெரியுது."