றொபேட் தந்த தேங்காய்

தவமலர் அவனை அடையாளம் கண்டது பிடரியை வைத்துத்தான்.

வெள்ளவத்தை மனிங் பிளேஸ் தரிப்பில் கொட்டாஞ்சேனை பஸ்ஸில் ஏறி, சாரதிக்குப் பின்னால் இருந்த இருக்கையில் அமர்ந்து, குடையை மடித்துக் காலடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். வலது காதுக்குக் கீழே கொத்தமல்லி அளவில் ஒரு மச்சம். அதிலிருந்து சட்டைக் கழுத்துக்குள் இறங்கும் ஒரு தழும்பு. மலைநாட்டு நீதிமன்றத்தில் தவணைக்குத் தவணை அவள் பார்த்துக்கொண்டிருந்த பிடரி அது. செத்தவர்களின் ஆட்கள் இருந்த வாங்குப் பக்கம் அவன் ஒருநாளும் முகத்தைத் திருப்பியதில்லை. அதனால் அவள் முகம் அவனுக்குத் தெரியாது. அவன் பிடரியோ அவளுக்குப் பாடம்.

அன்று எங்கே போகப் புறப்பட்டாள் என்பதையே மறந்து, கொட்டாஞ்சேனைவரை அப்படியே இருந்தாள். அவளுடைய மகள் தாரிகாவைக் கொன்றவன், காலி வீதியில், கையை வெளியே நீட்டி ஒரு முச்சக்கரவண்டிக்காரனை ஏசிக்கொண்டு, வெற்றிலை மென்றுகொண்டு பஸ் ஓட்டினான்.

தாரிகா தான் வேலைசெய்த கந்தோர் ஆட்களோடு நுவரெலியாவுக்குச் சுற்றுலா போனவள். திரும்பி வரும்போது இறம்பொடை வளைவுகளில் ஒன்றில் பஸ் வீதியை விட்டு விலகித் தேயிலைக்குள் உருண்டது. முன்சீட்டில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து, இடுப்பு முறிந்து, உயிர்தப்பிய சாமினி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி சொன்னாள்: "அன்ரி, அவர் கியரை எடுத்து நியூட்ரல்ல விட்டவர். நான் கண்டனான். பள்ளத்தில டீசல் இல்லாமலே வீட்ட போகலாம் எண்டு சொல்லிச் சிரிச்சவர்."

தவமலர் ஓய்வுபெறும்வரை பௌதிகம் படிப்பித்தவள். அந்த ஒரு வசனம் அவளுக்குப் போதும். கியரை எடுத்துவிட்டால் இறக்கத்தில் பஸ்ஸை எஞ்சின் பிடிக்காது. அத்தனை பாரமும் பிரேக்கில் வந்து விழும். பிரேக் சூடேறும், மணக்கும், பிறகு பிடிக்காது. நீதிமன்றத்தில் அவன், "பிரேக் பிடிக்கேல்ல" என்று மட்டும் சொன்னான். ஏன் பிடிக்கவில்லை என்பதை அவன் சொல்லவில்லை. சாமினி சத்திரசிகிச்சைக்கென்று அவுஸ்திரேலியாவிலுள்ள அண்ணனிடம் போனவள், திரும்பி வரவில்லை. வழக்கு இழுபட்டது. அவன் பிணையில் வந்து, இதோ, சமதரையில் ஓட்டுகிறான்.

அடுத்த நாளும் அவள் அந்த பஸ்ஸுக்காகக் காத்து நின்றாள். அதற்கடுத்த நாளும்.

என்ன செய்யப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. பின்னால் இருந்து அந்த மச்சத்தைப் பார்ப்பதே ஒரு வேலையாக இருந்தது. மகள் போன பிறகு காலையில் எழும்புவதற்கு அவளுக்குக் கிடைத்த முதல் காரணம் அதுதான். சக்தி அழியாது, வேறொன்றாக மாறும் என்று எத்தனை வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்திருப்பாள். பிள்ளைக்கு இடியப்பம் அவித்த, சட்டை மினுக்கிய, வந்துசேரும்வரை வாசலில் நின்ற சக்தியெல்லாம் எங்கே போயிற்று என்று தேடியிருக்கிறாள். இப்போது தெரிந்தது. அது இந்த இருக்கையில் வந்து அமர்ந்திருந்தது.

கொண்டக்டர் இராமர் ஹட்டன் பக்கத்து ஆள், நரைத்த மீசைக்காரர், வாய் ஓயாதவர். அவள் இருந்த இருக்கைக்கு மேலே, மதகுருமாருக்கு என்று எழுதியிருந்தது.

"அம்மா, அது சாமிமாரு சீட்டு. நாளைக்கு ஹாமுதுருவோ ஃபாதரோ ஏறினா எந்திரிக்கணும், சரியா?"

"எழும்புவன். அதுவரைக்கும் நானும் ஒரு சாமியார்தான்."

"பார்த்தா அப்படித்தான் இருக்கீங்க. நீங்க ஏறினதிலேருந்து ஒரு பொலிஸ்காரன் நம்மள மறிக்கல. டேய் றொபேட்டு, அம்மாவுக்கு ஒரு கும்பிடு போடு!"

சாரதி கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். வெற்றிலைக் கறை படிந்த சிரிப்பு. தவமலர் கண்ணாடிக்குள்ளேயே தலையை அசைத்தாள்.

சின்னம்மா, சின்னையாவின் பெண்சாதி, கிருலப்பனையிலிருந்து வந்தபோது தவமலர் அவளிடம் மட்டும் அவனைக் கண்டதைச் சொன்னாள். சின்னம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"மோதரைக் காளி கோயிலுக்குப் போ பிள்ளை. மிளகாய் அரைச்சுப் போட்டு அவன்ர பேரைச் சொல்லு. சிங்கள ஆக்கள், பொலிஸ்காரர், எல்லாரும் அங்கதான் வருகினம்."

"எனக்கு உதுகளில நம்பிக்கை இல்லை, சின்னம்மா."

"உனக்கு என்னத்துக்கு நம்பிக்கை? அவளுக்கு உன்னில நம்பிக்கை இருந்தால் காணும்."

வெள்ளிக்கிழமை போனாள். அதே பஸ்ஸில் கொட்டாஞ்சேனைக்கு, அங்கிருந்து முச்சக்கரவண்டியில் மோதரைக்கு. அம்மிக்கு முன்னால் குந்தியிருந்த பெண் அவளுக்கு இடம்விட்டு, சிங்களத்தில் கேட்டாள்: அவனுக்கு என்ன நடக்கவேண்டும்?

தவமலர் கண்ணை மூடினாள். அவன் பஸ் உருண்டு போகவேண்டும். அந்த இறக்கத்திலேயே, பிரேக் மணக்க, அவன் கத்தக் கத்த. இவ்வளவையும் ஆசையோடு, விளிம்புவரைக்கும் பார்த்தாள். அப்போது பஸ் வெறுமையாக இல்லை என்பதையும் கண்டாள். யன்னலோரம் பிள்ளைகள் இருந்தார்கள். சாமிமார் இருக்கையில் யாரோ ஒருத்தியின் மகள் இருந்தாள்.

மிளகாயை அரைக்காமலே எழும்பினாள். கருணையால் அல்ல. அப்படிச் செத்தால் அவன் ஒரு நொடியில் தப்பிவிடுவான். அவன் இருக்கவேண்டும். இருந்து, பயப்படவேண்டும்.

அதற்குப் பிறகும் வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போனாள். மகளின் பெயரில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வருவாள். பையில் தேங்காயும் நெற்றியில் திருநீறுமாக அவள் ஏறுவதைப் பார்த்துப் பார்த்து, சாரதியும் கொண்டக்டரும் அவளைப் பெரிய பக்தை என்று நினைத்துக்கொண்டார்கள்.

மார்கழி பிறக்க முன், ஒரு வெள்ளிக்கிழமை, கொட்டாஞ்சேனையில் எல்லாரும் இறங்கிய பிறகு றொபேட் இருக்கையை விட்டு எழுந்து திரும்பினான். முதன்முதலாக அவன் முகத்தை நேரே கண்டாள். நினைத்ததைவிட இளசு. கண்ணுக்குக் கீழே கறுப்பு.

"அம்மா, ஒரு உதவி. குறை நினைக்க வேணாம்." கையில் ஒரு தேங்காய். "காளியாச்சிக்கு என்ட பேரில இதை உடைச்சு விடுவீங்களா? அடுத்த டேர்ன் இருக்கு, பஸ்ஸை விட்டுட்டு வர ஏலாது."

"நீர் வேதக்காரர் எல்லோ, தம்பி?"

"அந்தோனியாருக்கு நேற்றே மெழுகுதிரி கொளுத்திட்டன் அம்மா. ஆனா மோதரையில பிறந்துட்டு ஆச்சியைப் பகைக்க ஏலுமா?"

அவன் முன்கண்ணாடிக்குக் கீழே அந்தோனியாரும் பிள்ளையாரும் புத்தரும் வரிசையாக நின்று, சின்ன பல்புகளுக்கு நடுவே மினுங்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன விசேஷம்?"

இராமர் முந்திக்கொண்டார். "சிவனொளிபாதமலை சீசன் தொடங்குதில்ல. சவுந்தரநாயகம் முதலாளி ட்ரிப் பஸ்ஸை இவனுக்குக் குடுக்கிறாரு. பௌர்ணமி போயா அன்னைக்கு மலையடி நல்லதண்ணிக்கு, முழு பஸ்ஸு, குடும்பங்க." பிறகு அவள் காதுக்கருகில் குனிந்து, "ஒருக்கா மலையில பட்ட ஆளு அம்மா. அதான் பயம்" என்றார்.

தவமலரின் கை நீண்டு தேங்காயை வாங்கியது.

"தேங்காய் எப்படி உடையுதெண்டு வந்து சொல்லுங்க அம்மா," என்றான் அவன். "பொய் சொல்லாம."

கோயிலில் கூட்டம். தேங்காய் உடைக்கும் கல்லுக்கு முன்னால் நின்று தவமலர் கர்ப்பக்கிரகத்தைப் பார்த்தாள். இது அழுகலாக இருக்கவேண்டும் என்று கேட்டாள். கேட்டது பிரார்த்தனை என்பது பிறகுதான் உறைத்தது. கையை ஓங்கி அடித்தாள்.

தேங்காய் நடுவால், அளந்து வெட்டியதுபோலப் பிளந்தது. வெள்ளை வெளேரென்ற பருப்பு. உள்ளே கோழிமுட்டை அளவில், வெண்மஞ்சள் நிறத்தில் ஒரு பூ.

"அம்மா, பூ விழுந்திருக்கு!" பக்கத்தில் நின்றவர் கும்பிட்டார். "இனி உங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆருக்கு உடைச்சனீங்கள்?"

அவள் தீபத்துக்குப் பின்னால் இருந்த கறுத்த முகத்தை முறைத்துப் பார்த்தாள். நீ அவன் பக்கமோ? என் பிள்ளைக்காக வெள்ளிக்கு வெள்ளி உடைத்த காய்களில் ஒன்றிலாவது ஒரு பூவைக் காட்டினாயா? நம்பாத தெய்வத்தோடும் கோபித்துக்கொள்ள முடியும் என்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. கோபித்தபடியே, செய்யவேண்டியதை அவள் அறிவு ஒழுங்காகக் கோத்துக்கொண்டிருந்தது.

மதிலோரம், அழுகிப்போன தேங்காய்களை எறியும் கூடை. ஈ மொய்த்தது. அவள் குனிந்து இரண்டு பாதிகளைத் தெரிந்தெடுத்தாள். உள்ளே கறுத்து, சளிபோல வழிந்து, மூக்கைப் பொத்தவைக்கும் நாற்றம். அவற்றை வாழையிலையில் சுற்றினாள். பூ விழுந்த பாதிகளைப் பையின் அடியில், சேலைத் துண்டுக்குள் வைத்தாள்.

திரும்பி வந்தபோது பஸ் மற்றொரு நடைக்குத் தயாராக நின்றது. இராமர் மிதிபலகையில் நின்று, "வெள்ளவத்த, தெஹிவல! இஸ்ஸரஹாட்ட யன்ன!" என்று ஆட்களை முன்னுக்கு நகரச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் றொபேட் எஞ்சினை நிறுத்தினான்.

அவள் அந்தோனியாருக்கு முன்னால் இலையை வைத்து அவிழ்த்தாள்.

நாற்றம் முன்னிருக்கைகள்வரை போனது. "அம்மோ!" என்று யாரோ பின்வாங்கினார்கள். றொபேட்டின் முகத்தில் இருந்த இரத்தமெல்லாம் எங்கோ இறங்கிப்போவதை அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். அவ்வளவு பக்கத்தில் பார்க்கக் கிடைத்ததே என்று இருந்தது.

"பொய் சொல்லாமல் சொல்லச் சொன்னீர்," என்றாள். "ஆச்சிக்கு உம்மோட என்ன கோபம் தம்பி? மலையில என்ன செய்தனீர்?"

"நான்... பிரேக் பிடிக்கேல்ல அம்மா."

"அது கோட்டுக்குச் சொன்னது. ஆச்சிக்கு என்ன சொல்லப்போறீர்? இந்தக் காயோட திரும்ப மலை வளைவுகளில இறங்கப்போறீரோ?"

அவன் கை தானாகக் கியர்ப் பிடிக்குப் போய், சுட்டதுபோல விலகியது.

"நியூட்ரல்ல விட்டன். டீசல் கூட எரிச்சா முதலாளி ஏசுவாரு. எல்லாரும் அப்படித்தான் இறக்குவாங்க அம்மா. நான் மட்டுமில்ல. பிறகு மணந்துச்சு. திரும்பக் கியர் விழல. முன்சீட்டில ஒரு பிள்ளை, 'அண்ணா, மெதுவா' எண்டு..."

இராமர் கத்துவதை நிறுத்தியிருந்தார்.

"என்ன சொன்னவ?"

"'அண்ணா, மெதுவா' எண்டு. ரெண்டு தரம்."

தாரிகா முச்சக்கரவண்டிக்காரரையும் அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். தவமலர் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு காலமும் தேடித் திரிந்தது இந்த வார்த்தையைத்தானோ என்று நினைத்தாள். மகளின் கடைசிச் சொல் இவன் வாயில், வெற்றிலைக் கறைக்குள், இத்தனை நாளும் கிடந்திருக்கிறது.

"அந்தப் பிள்ளையின்ர பேர் தாரிகா," என்றாள். "நான் அவளின்ர அம்மா."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு கண்ணாடியைப் பார்த்தான். அத்தனை காலைகளிலும் அவள் தலையசைத்த அந்தக் கண்ணாடியை. எஞ்சின் பெட்டிக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் குந்தி, அவள் காலைத் தொடக் கையை நீட்டினான்.

"அம்மா, மன்னிச்சிருங்க. கடவுளே எண்டு மன்னிச்சிருங்க."

அவள் காலை இழுத்துக்கொண்டாள். மன்னிப்பு இருக்கிறதா என்று நேர்மையாகவே உள்ளே தேடிப் பார்த்தாள். இருந்திருந்தால் கொடுத்திருப்பாளோ என்னவோ. இருக்கவில்லை.

"என்னட்ட அது இல்லை," என்றாள். "நீர் சாகவும் வேண்டாம். ஸ்டியரிங்கைத் தொடுற நேரமெல்லாம் இந்த மணம் வரவேணும். அது காணும்."

"யமுகோ அய்யே, பரக்குயி!" என்று பின்னால் ஒருவர் நேரமாகிறதென்று சத்தம்போட்டார். றொபேட் பஸ்ஸின் திறப்பைக் கழற்றி இராமரின் கையில் வைத்தான். சாரதிப் பக்கக் கதவால் இறங்கி, செருப்பொன்று கழன்றதையும் எடுக்காமல், ஜம்பட்டா வீதிப் பக்கம் நடந்தான். முதலில் நடந்தான், பிறகு ஓடினான். பஸ்ஸில் இருந்தவர்கள் சல்லியைத் திருப்பிக் கேட்டுக் கொதித்தார்கள்.

இராமர் திறப்பைப் பார்த்தபடி நின்றார். "அம்மா, அது அவனோட காய்தானா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஏன் கேட்கிறீர்?"

"நான் தேங்காயைத் தட்டிப் பார்த்துத்தான் வாங்கிக் குடுத்தேன். நல்ல காயி."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இராமரின் மீசை ஒருமுறை அசைந்தது. பிறகு அவர் இலையை அப்படியே சுருட்டி வெளியே எறிந்துவிட்டு, கையைக் காற்சட்டையில் துடைத்தார்.

"நல்லதண்ணி ரோட்டும் நம்ம பக்கத்து ரோட்டுதான் அம்மா," என்றார். "நம்ம சனமும் அதுலதான் போவுது. எனக்கு ஒண்ணும் தெரியாது."

வேறு பஸ்ஸில் தவமலர் வீட்டுக்கு வந்தாள். அந்தச் சாரதியின் பிடரியை அவள் பார்க்கவில்லை.

குசினியில் விளக்கைப் போட்டு, துருவலையை எடுத்தாள். மகள் போன நாளிலிருந்து அதைத் தொடாததால் பல்லில் துரு ஏறியிருந்தது. தேய்த்துக் கழுவிவிட்டு, பூ விழுந்த பாதிகளைத் துருவினாள். செத்தல் மிளகாய், உப்பு, வெங்காயம் சேர்த்து இடித்து, தேசிக்காய் பிழிந்து சம்பல் செய்தாள். பாணை வெட்டி, சம்பலை அள்ளி வைத்துச் சாப்பிட்டாள். பசித்தது. பசிக்கிறது என்பதே புதிதாக இருந்தது.

கடைசியில் அந்தப் பூ மிஞ்சியது. சுவரில் இருந்த தாரிகாவின் படத்துக்கு முன்னால் ஒரு துண்டு வைக்கலாமோ என்று எழும்பினாள். பாதி வழியில் நின்றாள். இது அவனுக்கு விழுந்தது. பிள்ளையின் வாயில் படக்கூடாது.

படத்தின் கீழே, நின்றபடியே, முழுவதையும் தானே மென்று தின்றாள். நல்ல இனிப்பாக இருந்தது.