வாஷர் அக்கா வாங்கிய கேமரா

இருபத்திரண்டு வருடமாக அவள் வேலை, ரப்பர் வளையங்களில் குறை கண்டுபிடிப்பது. குழாய்க்கும் பம்புக்கும் மருந்துப் புட்டிக்கும் போகிற வளையங்கள் தட்டுத் தட்டாக அவள் மேசைக்கு வரும். கண்ணோடு ஒட்டிய சின்னப் பூதக்கண்ணாடி வழியே ஒவ்வொன்றையும் விரலால் உருட்டிப் பார்ப்பாள். தேறினால் வலது பக்கத் தட்டு, தேறாவிட்டால் காலடியில் இருக்கும் டப்பா. தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவள் வாஷர் அக்கா. மேனேஜர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

தண்ணீரைத் தடுத்து நிறுத்துவதில் இவ்வளவு கெட்டிக்காரி, நாற்பத்தைந்து வயதுவரை தண்ணீருக்குள் இறங்கியதே இல்லை. குடும்பத்தோடு அருவிக்கோ கடலுக்கோ போனால், எல்லோருடைய பையையும் செருப்பையும் மடியிலும் காலடியிலும் குவித்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்பாள். பிறகு முழங்கால் தேய்ந்தது.

"நடந்தது போதும், இனிமே நீந்துங்க" என்றார் டாக்டர்.

"எனக்கு நீச்சல் தெரியாதே டாக்டர்."

"கத்துக்குங்க. மாத்திரையவிட அது சுலபம்."

சுலபமாக ஒன்றும் இல்லை. முதல் ஒரு மாதம் நீச்சல் குளத்தின் ஓரக் கம்பியை அவள் கை விடவே மறுத்தது. சொல்லிக்கொடுத்த பெண்ணை எல்லோரும் கோச் என்றே அழைப்பார்கள். அக்காவைவிடப் பதினைந்து வயது சின்னவள். "கம்பி எங்கயும் ஓடிப்போயிடாதுக்கா. ஒரு நிமிஷம் விட்டுத்தான் பாருங்களேன்" என்று தினமும் சிரித்துக்கொண்டே சொல்வாள். ஒருநாள் அக்கா விட்டாள். ஒன்றரை வருடத்தில், நிற்காமல் நாற்பது நீளம் நீந்துகிற அளவுக்கு வந்துவிட்டாள். தொழிற்சாலையில் கழித்துப்போட்ட பெரிய வளையங்களை மேனேஜரிடம் கேட்டு வாங்கிவந்து, குளத்தின் ஆழமான பக்கத்தில் எறிந்து, அடிவரை போய் எடுத்துவரும் விளையாட்டை ஆரம்பித்து வைத்ததும் அவள்தான்.

காலையில் சேர்ந்து நீந்துகிற பெண்கள் ஆறு பேர். ஊரிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் ஒரு பெரிய ஏரி இருந்தது. அதன் நடுவே, கரையிலிருந்து சரியாக ஒரு கிலோமீட்டரில், ஒரு பாறைத்தீவு. "அடுத்த மாசம் அங்க நீந்திப் போறோம். போய்ப் பாறையில ஏறி உக்காந்துட்டு, நீந்தியே திரும்புறோம்" என்று ஒருநாள் கோச் அறிவித்தாள்.

கூட்டத்தில் மூத்தவர், ஓய்வுபெற்ற நர்ஸம்மா. அறுபத்துமூன்று வயதிலும் குரல் குறையாதவர். "போறது சரி. போட்டோ இல்லன்னா என் மருமக நம்புவாளா? கரையில நனைஞ்சுட்டு வந்து கதை விடுறேன்னு சொல்லிடுவா. தண்ணிக்குள்ள கொண்டுபோற மாதிரி ஒரு கேமரா வாங்கணும்" என்றார். அப்புறம் எல்லோருடைய பார்வையும் ஒரே பக்கம் திரும்பியது. "வாஷர் அக்கா வாங்கட்டும். தண்ணி புகுமா புகாதான்னு அவங்களுக்குத்தான் தெரியும்."

வீட்டில் இந்தச் செய்தியை முதலில் பிடித்துக்கொண்டவன் கொழுந்தன். எதை வாங்குவதென்றாலும் நாற்பது வீடியோ பார்த்துவிட்டுத்தான் பேசுவான் என்பதால் அவனுக்கு வீட்டில் ‘ஆராய்ச்சி’ என்று பெயர். கேமரா என்ற சொல் காதில் விழுந்ததுமே சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தான்.

"அண்ணி, இதுல நீங்க தலையிடவே வேணாம். மெகாபிக்சல், சென்சார், வீடியோ குவாலிட்டி, எல்லாம் நான் பாத்துக்கறேன்."

"தலையிடல தம்பி. கூட மட்டும் வர்றேன்."

சனிக்கிழமை இருவரும் கடைவீதிக்குப் போனார்கள். கண்ணாடிப் பெட்டிகளும் பளிச்சென்ற விளக்குகளுமாக நீளமான கடை. விற்பனையாளர் கழுத்துப்பட்டை கட்டிய சுறுசுறுப்பான ஆள். முதலில் ஒரு வெள்ளிநிறக் கேமராவை எடுத்து மெத்தைத் துணியில் வைத்தார்.

"தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாது மேடம்."

"பட்டாலா, முங்கினாலா?"

"பட்டா..."

"அப்ப இது மழைக்கு. எங்களுக்கு ஏரிக்கு வேணும்."

விற்பனையாளர் அதை உள்ளே வைத்துவிட்டு, கறுப்பாக, கைக்கு அடக்கமாக, முரட்டுத் தோற்றத்தோடு இன்னொன்றை எடுத்தார். ஆராய்ச்சியின் முகம் மலர்ந்தது. நாற்பது வீடியோவில் முப்பது இதைப் பற்றித்தான். பதினைந்து மீட்டர் ஆழம்வரை தாங்கும், கீழே விழுந்தாலும் உடையாது, படமும் துல்லியம். கடையில் காட்சிக்கு வைத்திருந்த அந்த ஒன்றுதான் பாக்கி இருக்கிறது, அதனால் விலையைக் குறைத்துத் தருவதாகவும் விற்பனையாளர் சொன்னார்.

"அண்ணி, யோசிக்கவே வேணாம். எடுத்துடலாம்."

அக்கா யோசித்தாள். பேட்டரி வைக்கிற சின்னக் கதவைத் திறந்தாள். கதவின் உள்விளிம்பைச் சுற்றி மெல்லிய ரப்பர் ஓடியது. கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்தாள். ஆராய்ச்சி சுற்றும்முற்றும் பார்த்து, "அண்ணி, மானம் போகுது" என்று முணுமுணுத்தான்.

"மானம் போகட்டும், தண்ணி உள்ள போகக்கூடாது" என்றாள் அவள், கண்ணை எடுக்காமல். "கீல் பக்கத்துல ரப்பர் கிழிஞ்சிருக்கு. தலைமுடி அகலம்கூட இல்ல. ஆனா கிழிசல்தான். எத்தனை பேரு திறந்து மூடிப் பாத்தாங்களோ."

"மேடம், அவ்வளவு சின்னதா இருந்தா ஒண்ணும் ஆகாது" என்றார் விற்பனையாளர்.

"தண்ணிக்கு அவ்வளவு இடம் போதும் சார். ஒரு வாளி கிடைக்குமா?"

இந்தப் பேச்சைக் கேட்டுக் கடை முதலாளியம்மாவே கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். பருமனான, நிதானமான பெண். என்ன விஷயம் என்று கேட்டறிந்து, "தண்ணில போட்டு ரிப்பேராச்சுன்னா?" என்றார்.

"பேட்டரியக் கழட்டிடலாங்க. அந்த இடத்துல டிஷ்யூ பேப்பர மடிச்சு வைப்போம். ஒரு பத்து நிமிஷம் முங்கட்டும். பேப்பர் காஞ்சிருந்தா நான் சொன்னது தப்பு, இதையே வாங்கிக்கறேன்."

முதலாளியம்மாவுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. தரை துடைக்கிற வாளியைக் கழுவி நிறைத்துக் கொண்டுவரச் சொன்னார். வாடிக்கையாளர்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். கேமரா உள்ளே போன கொஞ்ச நேரத்தில், கீல் பக்கத்திலிருந்து கடுகளவு குமிழி ஒன்று கிளம்பியது. பின்னாலேயே இன்னொன்று. ஆராய்ச்சி வாளிக்குள் குனிந்தவன் நிமிரவே இல்லை. பத்து நிமிடம் கழித்துத் துடைத்துத் திறந்தபோது, டிஷ்யூ பேப்பரின் ஒரு மூலை ஈரமாக ஒட்டிக் கிடந்தது.

யாரோ கைதட்டினார்கள்.

முதலாளியம்மா அந்தக் கேமராவைத் தானே எடுத்துத் தனியாக வைத்தார். "இதை இனிமே விக்காதே" என்று விற்பனையாளரிடம் சொல்லிவிட்டு அக்காவிடம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கம்மா, உங்களுக்கு எப்படி வேணும்?"

அப்போதுதான் அக்கா தனக்கு வேண்டியதைச் சொன்னாள். கதவுக்கு ஒரு பூட்டு போதாது, இரண்டு வேண்டும். விரல் நனைந்து ஊறிப்போனாலும் அமுக்குகிற மாதிரி பித்தான்கள் பெரிதாக இருக்க வேண்டும். நேர் வெயிலில் திரை தெரிய வேண்டும். கறுப்பு நிறம் வேண்டவே வேண்டாம்.

"கறுப்புதானே அண்ணி ஸ்டைலு?"

"தண்ணில விழுந்தா கறுப்ப யாரு தேடுறது?"

உள்ளறையிலிருந்து ஒரு பெட்டி வந்தது. பழுத்த ஆரஞ்சு நிறத்தில் ஒரு கேமரா. கறுப்பைவிட மெகாபிக்சல் குறைவு, மாடலும் இரண்டு வருடம் பழையது. ஆராய்ச்சி அதைப் பற்றி ஒரு வீடியோகூடப் பார்த்ததில்லை. அக்கா ரப்பரை ஒரு சுற்று முழுதாகப் பார்த்தாள். வழவழவென்று, பிசிறில்லாமல், மூலைகளில் சீராக வளைந்து ஓடியது. தன் மேசைக்கு வந்திருந்தால் வலது பக்கத் தட்டில் வைத்திருப்பாள். வாளியில் அரை மணி நேரம் கிடந்தது அது. பேப்பர் மொடமொடவென்று வெளியே வந்தது.

பணம் கட்டும்போது முதலாளியம்மா கேட்டார், "எங்க கடைக்கு வேலைக்கு வர்றீங்களா?"

"உங்க சரக்கு பாதி தேறாதுங்க" என்றாள் அக்கா. இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

ஏரிக்குப் போன அன்று காலை, கரையில் உட்கார்ந்து கதவு ரப்பரை மென்துணியால் துடைத்து, ஒரு மணல் துகள்கூட இல்லை என்று பார்த்து, இரண்டு பூட்டையும் போட்டாள். கூடவே வாங்கிய மிதவைப் பட்டையை மாட்டினாள். கேமரா கைதவறினாலும் அது மேலே மிதக்க வைத்துவிடும்.

ஏரி பச்சையாக, அசையாமல் கிடந்தது. கோச் ஒரு சின்னத் துடுப்புப் படகில் பக்கத்திலேயே வந்தாள். முதல் இருநூறு மீட்டரில் அக்காவுக்கு மூச்சு தாறுமாறாகிவிட்டது. பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை, காலுக்குக் கீழே தரையும் தெரியவில்லை. ஒரு நிமிடம் மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி, கைகளை எண்ண ஆரம்பித்தாள். நூறு எண்ணியதும் மறுபடி ஒன்றிலிருந்து. ஏழாவது நூறில் விரல்நுனியில் பாறை தட்டியது.

ஆறு பேரும் பாறையில் ஏறிப் போட்ட கூச்சலில் பறவைகள் கிளம்பிப் பறந்தன. படங்கள் எடுத்தார்கள். நனைந்த தலை, சிவந்த கண், வாய் நிறையச் சிரிப்பு. நர்ஸம்மாவுக்கு அது போதவில்லை. தண்ணீருக்கடியில் எல்லோருடைய கால்களும் உதைப்பதை வீடியோ எடுக்க வேண்டும் என்று கேமராவோடு மறுபடி இறங்கினார். எல்லோரும் கூடவே இறங்கினார்கள். மிதவைப் பட்டை கேமராவை மேலே மேலே இழுத்தது. "சனியன், இது ஒண்ணு" என்று பட்டையைக் கழற்றிப் படகில் வீசினார். ஊறிப்போன விரல்கள். அடுத்த நிமிடமே, "ஐயையோ!" என்றார்.

கேமரா கைநழுவி அடியில் போய்விட்டது. கோச் கல் கட்டிய கயிற்றை இறக்கி அளந்தாள். "அஞ்சு மீட்டர் இருக்கு. நான் படகை விட்டு இறங்க முடியாது, நீங்க எல்லாரும் தண்ணில இருக்கீங்க. போனா போகட்டும் விடுங்க."

நர்ஸம்மாவின் முகம் அழுகிற நிலைக்கு வந்துவிட்டது. அக்கா நீச்சல் கண்ணாடியை முகத்தில் சரிசெய்துகொண்டு தண்ணீருக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். பச்சை இருட்டுக்கு அடியில், பாறைக்கும் பாசிக்கும் நடுவே, அணையாத தணல் மாதிரி ஓர் ஆரஞ்சுப் புள்ளி.

"எனக்குத் தெரியுது. நான் போறேன்."

"அக்கா, குளம் மூணரை மீட்டர்தான். இது அஞ்சு."

"ஒன்றரைதானே கூட?"

கோச் அவள் முகத்தையே ஒரு கணம் பார்த்தாள். "மூணே தடவ. அதுக்கு மேல ஒரு தடவகூட கிடையாது. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல படகப் புடிச்சு நல்லா ஓய்வெடுக்கணும். காது வலிச்சா மூக்கப் புடிச்சு ஊதுங்க. வலி விடலன்னா உடனே மேல வந்துடணும்."

முதல் தடவை பாதியிலேயே காதுக்குள் ஊசி குத்தியது. மூக்கைப் பிடித்து ஊத மறந்துபோய் மேலே வந்துவிட்டாள். இரண்டாவது தடவை ஊதினாள், வலி விட்டது, அடிவரை போனாள். ஆனால் அவசரத்தில் கையை வீசியதும் வண்டல் கிளம்பிப் புகையாக மூடிக்கொண்டது. ஒன்றும் தெரியவில்லை. நெஞ்சு வெடிக்கும்போல் மேலே வந்து படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

"போதும் வாஷர் அக்கா, அதுக்காக உயிர விடணுமா?" என்று நர்ஸம்மா கெஞ்சினார்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு."

வண்டல் அடங்கும்வரை காத்திருந்தாள். மூச்சை மெதுவாக உள்ளே வாங்கி, மெதுவாக விட்டு, மறுபடி வாங்கினாள். தலைகீழாகக் கவிழ்ந்தாள். இந்த முறை அவசரமில்லை. தட்டிலிருந்து ஒரு வளையத்தை எடுப்பதுபோல நிதானமாக, பாசியைக் கலைக்காமல், இரண்டு விரல்களை நீட்டினாள். கனமான, வழவழப்பான ஒன்று உள்ளங்கைக்குள் வந்தது.

அவள் மேலே வந்தபோது முதலில் வெளிவந்தது ஆரஞ்சுக் கேமராவைப் பிடித்த கைதான். ஏரி முழுக்கக் கேட்டிருக்கும் அந்தக் கூச்சல். கோச் துடுப்பால் தண்ணீரை அறைந்தாள். நர்ஸம்மா அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டதில் இருவரும் ஒருமுறை முங்கி எழுந்தார்கள்.

பாறையில் ஏறி உட்கார்ந்து பார்த்தால், திரையின் மூலையில் சிவப்புப் புள்ளி இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. கேமரா நிற்கவே இல்லை. அடியில் மல்லாந்து கிடந்தபடி எல்லாவற்றையும் எடுத்திருக்கிறது. அக்கா பித்தானை அமுக்கினாள். அவர்கள் தலைகளோடு, பாறையை ஒட்டி வந்து நின்ற படகிலிருந்து கோச்சின் தலையும் அந்தச் சின்னத் திரைமேல் கவிந்தது.

மேலே வெயில் உடைந்து உடைந்து ஆடியது. படகின் அடிவயிறு ஓர் இலைபோல மிதந்தது. பிறகு ஒளிக்கு நடுவிலிருந்து ஓர் உருவம் தலைகீழாக இறங்கி வந்தது. கால்கள் சேர்ந்திருந்தன. கன்னங்கள் உப்பியிருந்தன. துளி பதற்றமில்லாமல், அந்தத் தண்ணீர் தன்னுடையதென்பதுபோல வந்தது. ஒரு கை நீண்டு, பெரிதாகி, திரையை மூடியது.

"யாரு இது, இவ்வளவு அழகா வர்றது?" என்று அக்கா கேட்டேவிட்டாள்.

"லூசு, நீங்கதான்க்கா!" என்றாள் கோச், மரியாதையெல்லாம் மறந்து.

திரும்புகிற ஒரு கிலோமீட்டரில் அவள் எதையும் எண்ணவில்லை.

மறுநாள் வீட்டில் ஆராய்ச்சி அந்த வீடியோவைப் பெரிய டிவியில் போட்டான். மெகாபிக்சலைப் பற்றி வாயே திறக்கவில்லை. தன் நண்பர்கள் அத்தனை பேருக்கும், "எங்க அண்ணி" என்று தலைப்புப் போட்டு அனுப்பினான். கணவர் மூன்று முறை பார்த்தார். நான்காவது முறை போடச் சொல்லிவிட்டு, நாற்காலியின் நுனிக்கு வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஐம்பத்திரண்டு வயசுல ஒருத்தன் நீச்சல் கத்துக்க முடியுமா?"

"ஆம்பளைங்களுக்கு காலையில ஏழு மணி" என்றாள் அவள். "துண்ட மறக்காதீங்க."